லித்தியம் அளவுப் பரிசோதனை: அறிக்கையில் வரும் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

மிகையெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய்க்கு லித்தியம் எடுத்துக்கொள்பவர்களும் அவர்களது குடும்பத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்காக அதே மாத்திரையை, அதே அளவில், தவறாமல் விழுங்கிவரும் ஒருவருக்கு ஏன் சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும்? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று மருத்துவர் வேவு பார்ப்பதாகச் சிலர் இதை எடுத்துக்கொண்டு மனம் வருந்துகிறார்கள். வேறு சிலர், சென்ற முறை 0.7 என்று வந்த எண் இம்முறை 0.9 ஆகிவிட்டதைக் கண்டு, மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகிறது என்று அஞ்சித் தாமாகவே மாத்திரையைக் குறைத்துவிடுகிறார்கள். வருத்தம், அச்சம் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை யாரும் அவர்களுக்கு நிதானமாக விளக்கிச் சொல்லவில்லை. மாத்திரையின் அளவு பத்து ஆண்டுகள் மாறாமல் இருக்கலாம். அதை வெளியேற்றும் உடல் பத்து நாள்கூட மாறாமல் இருப்பதில்லை என்பதே இந்தப் பரிசோதனைக்கான காரணம்.

ஒரு தனிமம் மருந்தாகும்போது

லித்தியம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட சிக்கலான மூலக்கூறு அன்று. சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த உலோகத் தனிமம் அது. தனிம அட்டவணையில் மூன்றாவதாக நிற்பது. மாத்திரையில் அது பெரும்பாலும் லித்தியம் கார்பனேட் என்ற உப்பாக இருக்கிறது. 300 மில்லிகிராம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் உள்ள லித்தியம் ஏறத்தாழ 56 மில்லிகிராம் மட்டுமே. உள்ளே போனபின் கல்லீரல் அதைச் சிதைப்பதில்லை. இரத்தத்தில் உள்ள புரதங்களோடு அது ஒட்டிக்கொள்வதுமில்லை. போன வடிவிலேயே உடலெங்கும் சுற்றி, ஏறக்குறைய முழுவதும் சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. மற்ற மருந்துகள் பலவற்றுக்குக் கல்லீரல், சிறுநீரகம் என இரண்டு வாசல்கள் இருக்க, இதற்கு ஒரே வாசல்தான். அந்த வாசல் சற்றே ஒடுங்கினாலும் உள்ளே தேக்கம் ஏற்படும்.

இதன் விளைவை உலகம் கசப்பான முறையில்தான் கற்றுக்கொண்டது. 1949-இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மேனியா எனப்படும் மிகையெழுச்சி நிலையில் இருந்த 10 பேருக்கு லித்தியம் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் லித்தியம் குளோரைடு, உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளுக்குச் சமையலுப்பின் மாற்றாக விற்கப்பட்டு, சிலர் இறந்துபோனதால் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. சோடியம் குறைந்த உடலில் லித்தியம் அளவின்றிச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இல்லை. கேட் மருந்து கொடுத்தவர்களிடமும் நச்சு விளைவுகள் தோன்றின. இரத்தத்தில் உள்ள லித்தியத்தை அளக்கும் முறை வந்த பிறகே இந்த மருந்தை நம்பிக் கொடுக்க முடிந்தது. தொடக்கத்தில் அதற்குப் பயன்பட்டது சுடர் ஒளிமானி என்ற கருவி. இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மமான சீரத்தை நீர்த்துத் தீச்சுடரில் தெளித்தால், லித்தியம் தனக்கே உரிய செந்நிற ஒளியை உமிழும். அந்தச் சிவப்பின் செறிவைக் கொண்டு அளவைக் கணக்கிட்டார்கள். அளக்கும் வழி பரவியபின், 1970-இல் அமெரிக்காவும் மேனியாவுக்கான மருந்தாக இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆகவே இரத்தப் பரிசோதனையைச் சிகிச்சையின் பக்கத்தில் நிற்கும் ஒரு சடங்காகக் கருதலாகாது. அது இல்லாமல் இந்தச் சிகிச்சையே இல்லை.

சிறுநீரகம் இதைச் சோடியமாகவே நடத்துகிறது

சிறுநீரகம் ஒரு சல்லடை மட்டுமன்று. முதலில் இரத்தத்திலிருந்து நீரையும் உப்புகளையும் வடித்தெடுக்கிறது. பிறகு நுண்குழல்கள் வழியே அது ஓடும்போது உடலுக்குத் தேவையானவற்றை மீண்டும் உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்புகிறது. அப்படி மீட்கப்படுவதில் முதன்மையானது சோடியம். லித்தியம் அயனி சோடியத்தைப் போலவே ஒற்றை மின்னூட்டம் கொண்ட சிறிய துகள் என்பதால், நுண்குழலின் முற்பகுதி இரண்டையும் பெரிதாக வேறுபடுத்துவதில்லை. வடிக்கப்படும் லித்தியத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் இவ்வாறு திரும்பவும் இரத்தத்துக்கே போய்விடுகிறது.

உடலில் நீரோ சோடியமோ குறையும்போது என்ன நடக்கும் என்பதை இனி எளிதில் ஊகிக்கலாம். காய்ச்சலில் வியர்த்துக் கொட்டுகிறது, அல்லது வயிற்றுப்போக்கில் நீர் இழக்கப்படுகிறது. இழப்பை ஈடுகட்ட சிறுநீரகம் சோடியத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதனோடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்துக்கொள்கிறது. மாத்திரை ஒன்றுகூடக் கூடவில்லை, ஆனால் இரண்டு மூன்று நாளில் இரத்தத்தில் அளவு ஏறிவிடுகிறது. அளவு ஏறினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அவை நீரிழப்பை மேலும் கூட்டும். நீரிழப்பு அளவை மேலும் ஏற்றும். இந்தச் சுழலைத்தான் மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள்.

12 மணி நேரக் கணக்கு

லித்தியத்தின் அளவு நாள் முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், உடலின் திசுக்களுக்குள் பரவியபின் இறங்கி, மெதுவாகக் குறைகிறது. எந்த மணியில் ஊசி போட்டு இரத்தம் எடுக்கிறோமோ அந்த மணியின் எண் கிடைக்கும். ஒப்பிடுவதற்கு ஒரு பொதுவான நேரம் வேண்டும் என்பதற்காக, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தமே உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. மருத்துவர்கள் இலக்காகச் சொல்லும் எண்கள் எல்லாம் இந்த 12 மணி நேர எண்களே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். காலை, இரவு என இருவேளை மாத்திரை போடும் ஒருவர், பரிசோதனை நாளன்றும் பழக்கத்தில் காலை 7 மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, 9 மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் கையை நீட்டுகிறார். அறிக்கையில் 1.3 என்று வருகிறது. பக்கத்தில், எல்லை மீறியதைக் காட்டும் நட்சத்திரக் குறி. உண்மையில் அவருடைய 12 மணி நேர அளவு 0.8 ஆக இருந்திருக்கலாம். மணியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் குறைத்தால், தேவையான அளவுக்கும் கீழே அவர் இறங்கி, அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். என் பார்வையில், லித்தியம் அறிக்கைகளில் நேரும் பிழைகளில் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியது இதுவே. இருந்தும் கடைசி மாத்திரை போட்ட மணி என்ற ஒற்றை வரிக்குப் பல பரிசோதனைச் சீட்டுகளில் இடமே இல்லை.

பரிசோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை:

1. முந்தைய இரவு மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டு, மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரவு 9 என்றால் இரத்தம் கொடுப்பது காலை 9 மணியை ஒட்டி இருக்க வேண்டும்.

2. காலை வேளை மாத்திரை உள்ளவர்கள் அதைக் கையோடு எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ள வேண்டும்.

3. லித்தியத்துக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையில்லை. வேறு பரிசோதனைக்காகச் சாப்பிடாமல் போனாலும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தக் கூடாது. நா வறள வறளக் கொடுக்கும் இரத்தம் தவறான செய்தியைத் தரலாம்.

4. முந்தைய வாரத்தில் மாத்திரை தவறியிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். தவறிய நாள்களை மறைத்துக் கொடுத்த இரத்தத்தில் எண் குறைவாக வந்தால், மருத்துவர் அளவைக் கூட்டிவிட நேரும். பிறகு ஒழுங்காகப் போடத் தொடங்கும்போது அதுவே மிகையாகிவிடும்.

இரத்தம் ஏந்தும் குழாயைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கச் சில குழாய்களின் உட்சுவரில் ஹெப்பாரின் பூசப்பட்டிருக்கும். பச்சை மூடி கொண்ட அந்தக் குழாய்களில் ஒரு வகையில் இருப்பது லித்தியம் ஹெப்பாரின், அதாவது ஹெப்பாரினின் லித்தியம் உப்பு. லித்தியம் அளவு பார்க்கவேண்டிய இரத்தத்தை அதில் பிடித்துவிட்டால், குழாயில் உள்ள லித்தியமும் சேர்ந்தே அளக்கப்படும். வாழ்நாளில் லித்தியத்தைத் தொட்டிராதவரின் இரத்தத்தில்கூட நச்சு அளவு காட்டும் அளவுக்கு இந்தப் பிழை பெரிதாகலாம். குழாய் அரைகுறையாக நிரம்பியிருந்தால் இன்னும் பெரிதாகும். நோயாளி நலமாக நடமாடிக்கொண்டிருக்க, அறிக்கை மட்டும் 3 என்று அலறினால், முதலில் கேட்க வேண்டியது எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்பதைத்தான்.

எண்ணை எப்படிப் படிப்பது

அளவு, ஒரு லிட்டர் சீரத்தில் எத்தனை மில்லிமோல் என்று தரப்படுகிறது. சில அறிக்கைகளில் மில்லி ஈக்விவலன்ட் என்று இருக்கும். லித்தியத்துக்கு ஒற்றை மின்னூட்டம் என்பதால் இரண்டும் ஒரே எண்தான்.

நோய் திரும்பாமல் காக்கும் நீண்டகாலச் சிகிச்சையில், முதன்முறையாக லித்தியம் தொடங்குபவர்களுக்குப் பொதுவாக 0.6 முதல் 0.8 வரை இலக்கு. முன்பு லித்தியம் எடுத்தும் நோய் திரும்பியவர்களுக்கும், மிகையெழுச்சி தீவிரமாக இருக்கும்போதும் 0.8 முதல் 1.0 வரை வேண்டியிருக்கலாம். முதியவர்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே பெரும்பாலும் போதும். 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மைக்கு வாய்ப்பு அதிகம், 2.0-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பலன் தரும் எல்லைக்கும் தீங்கு செய்யும் எல்லைக்கும் நடுவே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகள் சிலவே.

பரிசோதனைக் கூடம் அச்சிடும் இயல்பு எல்லை எல்லோருக்கும் பொதுவானது. ஒருவருக்கென மருத்துவர் வகுக்கும் இலக்கு அதனினும் குறுகியது. 70 வயதுக்காரர் ஒருவருக்கு 1.1 என்று வந்து, தாளில் நட்சத்திரக் குறி இல்லாமல் இருக்கலாம். அவருக்கு அது மிகை. அதேபோல 0.7-க்கும் 0.8-க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கருவியின் துல்லிய வரம்பும் நேரம் முன்பின் ஆவதுமே அந்த வேறுபாட்டை உண்டாக்கப் போதுமானவை. கவலைப்பட வேண்டியது போக்கைக் குறித்து. அதே மாத்திரை அளவில் 0.6, 0.7, 0.85, 0.95 என்று இரண்டு ஆண்டுகளாக எண் படிப்படியாக ஏறினால், தனித்தனியாக ஒவ்வோர் அறிக்கையும் எல்லைக்குள்ளேயே இருந்தாலும், சிறுநீரகம் சத்தமின்றித் தளர்ந்துவருகிறது என்பது அதன் பொருளாக இருக்கலாம். பழைய அறிக்கைகளை ஒரே குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவைப்பதன் பயன் இதுதான். பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2009-இல் லித்தியம் குறித்த எச்சரிக்கையை வெளியிட்டபோது, அளவுகளைக் குறித்துவைக்கும் கையடக்கப் பதிவேடு ஒன்றையும் நோயாளிகளுக்கென உருவாக்கியது.

எப்போதெல்லாம் பார்க்க வேண்டும்

உடல்நலம் உள்ள ஒருவரின் இரத்தத்தில் லித்தியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். முதியவர்களுக்கு இன்னும் கூடும். அதனால் அளவை மாற்றிய மறுநாளே பார்ப்பதில் பயனில்லை. உள்ளே போவதும் வெளியே போவதும் சமநிலைக்கு வர ஐந்து நாளாவது வேண்டும். தொடக்கத்திலும், ஒவ்வொரு முறை அளவை மாற்றும்போதும், ஒரு தயாரிப்பிலிருந்து வேறொரு தயாரிப்புக்கு மாறும்போதும் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துப் பார்ப்பது இதனால்தான். எண் நிலைப்படும் வரை வாரந்தோறும் பார்க்க வேண்டியிருக்கும்.

பிறகு முதலாண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் 6 மாதத்துக்கு ஒருமுறை என்பது சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் வகுத்த முறை. முதியவர்கள், லித்தியத்தின் அளவை மாற்றக்கூடிய வேறு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகமோ தைராய்டோ பழுதாகும் வாய்ப்பு உள்ளவர்கள், கடைசி அளவு 0.8 அல்லது அதற்கு மேல் வந்தவர்கள் ஆகியோருக்கு அது 3 மாதமாகவே தொடர வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டல். நாடுகளுக்கு நாடு சிறு வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை இதுவே.

இரு பரிசோதனைகளுக்கு இடையே அளவை மாற்றுபவை

அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்துத்தானே என்று இருக்க முடியாத சூழல்கள் உள்ளன.

1. வலிநிவாரணிகள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்றவை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கின்றன. முழங்கால் வலிக்காக மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கி ஒரு வாரம் போட்டாலே அளவு ஏறக்கூடும். மருத்துவருக்குத் தெரியாமலேயே நடக்கக்கூடியது என்பதால் பட்டியலில் இதை முதலில் வைக்கிறேன். சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் பாதுகாப்பானது.

2. இரத்த அழுத்த மருந்துகளில் சில. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகளும், எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் ஆகியவையும் அளவை உயர்த்தும். இவற்றைக் கொடுக்கவே கூடாது என்பதில்லை. கொடுத்தால் லித்தியத்தைக் குறைக்கவும், உடனுக்குடன் அளவைப் பார்க்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். லித்தியம் கொடுக்கும் மருத்துவரும் இரத்த அழுத்தத்துக்கு மருந்து தரும் மருத்துவரும் வெவ்வேறு ஆள்களாக இருக்கும்போது, செய்தி நடுவில் விட்டுப்போகிறது.

3. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுங்காய்ச்சல், கடும் வெயிலில் உழைப்பு. இந்நாள்களில் தண்ணீர் கூடுதலாகக் குடித்து, உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து அளவைப் பார்க்கும்படி அவர் சொல்லலாம்.

4. உணவில் உப்பைத் திடீரென வெகுவாகக் குறைப்பது. உப்பைக் குறைப்பது மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். லித்தியம் எடுப்பவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது. நாள்தோறும் நிறையக் காபி குடிப்பவர் அதை ஒரேயடியாக விடுவதும் அளவைச் சற்று உயர்த்தும், ஏனெனில் காஃபீன் லித்தியம் வெளியேறுவதைத் தூண்டுகிறது.

எண்ணைவிட உடல் சொல்வதே முதன்மை

சரியான அளவில் இருக்கும் பலருக்கும் விரல்களில் மெல்லிய நடுக்கம் இருக்கும். நீட்டிய கையில் ஒரு தாளை வைத்தால் அதன் ஓரம் அதிர்வது தெரியும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அந்த நடுக்கம், தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் தூக்க முடியாத அளவுக்குப் பெரிதாவதும், நடை தள்ளாடுவதும், நாக்குழறுவதும், தசைகள் துடிப்பதும், தூக்கக் கலக்கமும் குழப்பமும் சேர்வதும் நச்சுத்தன்மையின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிக்கை வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

இங்கே எண் ஏமாற்றவும் கூடும். லித்தியம் இரத்தத்திலிருந்து மூளைக்குள் மெதுவாகவே நுழைகிறது, மெதுவாகவே வெளியேறுகிறது. முன்பு எடுத்துப் பழக்கமில்லாத ஒருவர் ஒரேயடியாகப் பல மாத்திரைகளை விழுங்கிவிட்டால், இரத்தத்தில் எண் மிக உயர்ந்திருக்கும்போதே அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். பல ஆண்டுகளாக எடுத்துவருபவருக்கோ மூளை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, 1.6 என்ற மிதமான எண்ணிலேயே, சில வேளை இயல்பு எல்லைக்குள்ளேயே, குழப்பமும் தள்ளாட்டமும் வந்துவிடலாம். விஷமுறிவுக்கு வழக்கமாகப் பயன்படும் கரித்தூள் லித்தியத்தைப் பற்றிக்கொள்ளாது. சிரைவழி நீர்மம் கொடுப்பதும், கடுமையான நிலையில் டயாலிசிஸ் செய்வதுமே வழி. டயாலிசிஸில் எண் இறங்கியபின், செல்களுக்குள் இருந்த லித்தியம் இரத்தத்துக்குத் திரும்பி எண்ணை மறுபடி ஏற்றும் என்பதால், சில மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். கடும் நச்சுத்தன்மையிலிருந்து மீண்ட சிலருக்குச் சிறுமூளைப் பாதிப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

அதே ஊசியில் பார்க்கப்படும் மற்றவை

லித்தியம் அளவோடு கிரியேட்டினின், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்., கால்சியம் ஆகியவையும் தொடக்கத்தில் ஒருமுறையும் பிறகு ஏறத்தாழ 6 மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கப்படுகின்றன. கிரியேட்டினினைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் கணக்கிடப்படுகிறது. தீராத தாகமும் அடிக்கடி பெருமளவு சிறுநீர் போவதும், சிறுநீரகம் நீரைத் தேக்கிக்கொள்ளும் ஆற்றலை இழப்பதன் அடையாளம். கிரியேட்டினின் இயல்பாக இருக்கும்போதே இது தோன்றலாம் என்பதால் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியவரும்.

தைராய்டு பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை வெளிவிடுவதை லித்தியம் தடுக்கிறது. பெண்களிடம் இந்தக் குறைபாடு அதிகம். சோர்வு, மந்தம், எடை கூடுதல், எதிலும் ஆர்வமின்மை ஆகியவை மெல்ல வந்து சேரும். அவற்றைப் பார்ப்பவர்கள் மனச்சோர்வு திரும்பிவிட்டது என்றே எண்ணுவார்கள். நோயாளியும் அப்படியே நம்புவார். டி.எஸ்.எச். பார்க்காவிட்டால் புதிதாக ஒரு மனச்சோர்வு மருந்து சேர்க்கப்படும், பலன் இருக்காது. பார்த்துவிட்டால் தைராக்சின் மாத்திரையோடு முடியும் காரியம் இது. லித்தியத்தைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. கால்சியம் உயர்வது, கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாக இயங்குவதைக் காட்டும்.

கருவுற்ற பெண்களின் கணக்கு வேறு. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் வேகமாக வடிகட்டுவதால் அளவு இறங்கும். பிள்ளைப்பேறு முடிந்ததும் அந்த வேகம் விரைவில் பழைய நிலைக்குத் திரும்புவதால், கர்ப்பத்தில் கூட்டிய மாத்திரை திடீரென மிகையாகிவிடும். அதனால் 36-ஆவது வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு வாரந்தோறும், பிள்ளை பிறந்த உடனேயும் பார்க்கச் சொல்கிறார்கள்.

எண் பிடிக்கவில்லை என்று நிறுத்தலாமா

அறிகுறி ஏதும் இல்லாமல் எண் மட்டும் சற்று உயர்ந்திருந்தால், நேரம், குழாய், புதிய மருந்து, நீரிழப்பு ஆகியவற்றைச் சரிபார்த்து மறுபடி இரத்தம் எடுப்பதே முதல் வேலை. சிறுநீரகம் உண்மையிலேயே தளர்ந்துவந்தால், லித்தியத்தைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா, தொடர்வதா என்பதை மனநல மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் நோயாளியோடு சேர்ந்து எடைபோட வேண்டும். தற்கொலை அபாயத்தைக் குறைக்கும் சான்று மிகுந்த மருந்துகளில் ஒன்று என்பதால் இந்த முடிவு யாருக்கும் எளிதானதன்று.

நச்சுத்தன்மை போன்ற அவசரம் இல்லாதபோது, ஓர் இரவில் நிறுத்துவது மிகையெழுச்சி விரைந்து திரும்பும் ஆபத்தைக் கூட்டுகிறது. குறைந்தது 4 வாரங்களிலும், முடிந்தால் 3 மாதங்கள் வரை நீட்டியும் படிப்படியாகக் குறைப்பதே முறை. நிறுத்திய பின்னும் 3 மாதங்களுக்கு நெருங்கிய கண்காணிப்பு வேண்டும். அப்போது பார்க்க வேண்டியவை இரத்தத்தில் இருப்பதில்லை. மூன்று மணி நேரமே உறங்கி எழுந்தும் களைப்பே தெரியாமல் இருப்பது, பேச்சு வேகமெடுப்பது, பணம் கைமீறிச் செலவாவது ஆகியவற்றை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் காண்பார்கள். இரண்டு மூன்று நாள் அப்படித் தொடர்ந்தால், குறித்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.